அப்பாவிடம் மிஞ்சிய வெள்ளி

பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபோது அப்பாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தவர் நர்ஸைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோணிய வாயால் மிகவும் கஷ்டப்பட்டு, "வெள்ளி" என்றார். பேச்சு வந்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். மறுநாளும் அதுவேதான் வந்தது. பெம்பானில் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்கவைத்த பிறகும் அதுவேதான். யாராவது பக்கத்தில் போனால் முகத்தை உற்றுப் பார்த்து, "வெள்ளி?" என்பார். சொல்வது மாதிரி இருக்காது, கேட்பது மாதிரி இருக்கும். நாம் பேந்தப் பேந்த விழித்தால் கோபம் வந்து இடது கையால் கட்டில் கம்பியை அடிப்பார்.

அவருக்கு என்னவோ வேண்டும். அதைக் கேட்க அவரிடம் இந்த ஒரு சொல்தான் இருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் என் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. நான் பொதுவாகவே ஓரிடத்தில் உட்காராத பிறவி. சாப்பிடும்போதுகூட எழுந்து எழுந்து போய் எதையாவது எடுத்து வருவேன். அப்பாவின் கேள்வி வந்து சேர்ந்ததும் தூக்கமும் போயிற்று.

எங்கள் நாட்டில் ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்போம். பத்து வெள்ளி, நூறு வெள்ளி. ஒரு காலத்தில் இங்கே டாலரை நிஜமாகவே வெள்ளியில் அடித்தார்கள். காசிலிருந்து வெள்ளி எப்போதோ போய்விட்டது, எங்கள் வாயிலிருந்து போகவில்லை. தம்பிக்கு வெள்ளி என்றால் ரிங்கிட்தான், அதற்கு மேல் அவன் யோசிக்கிற ஆள் இல்லை. அலோர் காஜாவில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறான். வேலை முடிந்து வந்ததும் அப்பாவின் அலமாரியைக் கவிழ்க்க ஆரம்பித்தான்.

"எங்கயோ காசு வெச்சிருக்காருக்கா. அதத்தான் கேக்குறாரு."

"அவரு எங்கடா காசு வெக்கிறது? வர்ற பென்ஷனுக்கு மருந்து வாங்கவே பத்தல."

"ஒனக்குத் தெரியாதுலா. லோரி ஓட்டுன ஆளு. எந்த சீட்டுக்கு அடியில என்ன இருக்கும்னு யாரு கண்டா."

அலமாரியில் ஒன்றும் கிடைக்கவில்லை. தன் பர்ஸிலிருந்து ஒரு ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து அப்பாவின் இடது கையில் வைத்தான். அப்பா அதைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்த பார்வையில் இருந்தது எரிச்சல்தான். நோட்டைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டு, "வெள்ளி," என்றார்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். காசு இல்லை என்றால் மிச்சம் இருப்பது நிஜ வெள்ளி. அது என் பேட்டை.

நான் வெள்ளிக் காசு சேர்ப்பவள். பெரிய சேகரிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். செங் தொழிற்பேட்டையில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அந்தச் சம்பளத்தில் அரிய காசுகளை வாங்க முடியாது, வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க எனக்கு ஆசையும் இல்லை. எனக்குப் பிடித்தது குப்பைத் தட்டு. மலாக்கா டவுனில் ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், வயதானவர், நானா என்று கூப்பிடுவேன். முன்பக்கம் வெளிநாட்டு நோட்டு மாற்றிக் கொடுப்பார், பின்பக்கம் பழைய காசு. தேய்ந்தது, கறுத்தது, ஓட்டை போட்டது, யாரோ கழுத்தில் போடுவதற்காகக் கொக்கி பற்றவைத்துப் பிறகு பிடுங்கியது, எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி வைத்திருப்பார். எடைக்கு எவ்வளவோ அதுதான் விலை. அந்தத் தட்டில் கையை விட்டால்தான் என் கால்கள் ஓரிடத்தில் நிற்கும்.

விலை குறைந்த காசுகளில்தான் படத்துக்கு நல்ல கதை இருக்கும், ஏனென்றால் அவை லட்சக்கணக்கான கைகள் மாறியவை. சுவிஸ் நாட்டு அரை பிராங்கில் ஒரு பெண் ஈட்டியும் கேடயமுமாக நிற்கிறாள். அதற்கு முந்தைய காசுகளில் அவள் உட்கார்ந்திருந்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் யாரோ ஒரு சிற்பி எழுந்து நிற்க வைத்தார், இன்றுவரை அவள் உட்காரவில்லை. வெள்ளி போய் நிக்கல் வந்தபோதும் அவள் அப்படியே நின்றாள். எங்கள் ஃபேக்டரியில் நாள் முழுக்க நிற்கும் பெண்களை எனக்குத் தெரியும், அதனால் அவள்மேல் ஒரு பிரியம்.

அப்பாவிடம் முதலில் எடுத்துப் போனது அவளைத்தான். கூடவே ஒரு டச்சு கில்டரும், பிரான்சின் ஐந்து பிராங்கும். வெள்ளியா என்று பார்க்க நாங்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்ட வேண்டும். நிக்கல் என்றால் டக்கென்று நின்றுவிடும், வெள்ளி நீளமாகப் பாடும். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து பிராங்கைத் தட்டினேன். அப்பா சட்டென்று தலையைத் திருப்பினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பாத்தியா," என்று தம்பி மனைவியைக் கூப்பிட்டேன். அவள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"அக்கா, தட்டு கீழ விழுந்தாக்கூட அப்படித்தான் திரும்புறாரு," என்றாள்.

அவள் நல்ல பெண். ஆனால் உண்மையை உடனே சொல்லிவிடுகிற கெட்ட பழக்கம் உண்டு. நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு காசாக அப்பாவின் கையில் வைத்தேன். கில்டரின் விளிம்பில், தடிமனான ஓரத்தில், கடவுள் எங்களோடு இருக்கட்டும் என்று டச்சு மொழியில் எழுத்து ஓடும். அப்பாவின் கட்டைவிரல் அந்த ஓரத்தில் போய் நின்றது. அவர் அதைத் தடவிப் படிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். டச்சுக்காரர்கள் மலாக்காவை ஆண்டதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன்.

பிறகு பிரான்சின் காசு. அதில் ஒரு பெண் தலைமுடி பறக்க விதை தூவிக்கொண்டே நடக்கிறாள். முதலில் விவசாயத் துறைக்கு ஒரு பதக்கத்துக்காகப் போட்ட படம். பதக்கம் நடக்காமல் போயிற்று. சில வருஷம் கழித்துக் காசுக்குப் படம் கேட்டார்கள், சிற்பி பழையதைத் தூசி தட்டிக் கொடுத்தார். காசு வெளியே வந்ததும் ஜனங்கள் கேலி செய்தார்களாம், காற்றுக்கு எதிராக நின்று எவளாவது விதைப்பாளா, எல்லாம் முகத்தில் அல்லவா வந்து விழும் என்று. ஆனாலும் அவள்தான் அந்த நாட்டின் முகமாகிப்போனாள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார், "வெள்ளி?"

"ஆமாப்பா, வெள்ளிதான். நூத்துக்கு எம்பத்தி மூணு பங்கு வெள்ளி."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் தோற்றுப்போன மாதிரி இருக்கவில்லை. சரியான காசைத்தான் இன்னும் கொண்டுவரவில்லை என்று நினைத்தேன். காசு சேர்ப்பவர்களுக்கு எல்லாப் பிரச்சினைக்கும் விடை அடுத்த காசில்தான் இருக்கும்.

அடுத்த ஓய்வு நாளில் இந்திய ரூபாயோடு போனேன். அப்பாவின் அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், இந்த ரூபாயைப் பற்றி வீட்டில் பேச்சு இருந்திருக்கலாம் என்று ஒரு கணக்கு. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து ரூபாய். தாடி வைத்த பிரிட்டிஷ் ராஜா, தோளில் அங்கி, அங்கியின் பதக்க மாலையில் ஒரு குட்டி யானை. யானை என்று செதுக்கியவர்தான் சொல்ல வேண்டும். தும்பிக்கை குட்டை, கால்கள் கட்டை. பார்த்தவர்களுக்கெல்லாம் அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களுக்கும் ஆகவில்லை, இந்துக்களுக்கும் ஆகவில்லை. ஊரெல்லாம் முணுமுணுப்பு. அரசாங்கம் பயந்துபோய் மறு வருஷமே தும்பிக்கையை நீட்டிவிட்டது. ஒரு சாம்ராஜ்யம் ஒரு அரிசி மணி அளவு மூக்கால் ஆட்டம் கண்ட கதை. எனக்கு அதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

தம்பி மனைவி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"பன்னிதான்கா இது. சந்தேகமே இல்ல."

"யானடீ."

"ஃபேக்டரில உத்துப் பாக்குறதுதானே ஒங்க வேல. நீங்க சொன்னா சரி."

அவள் சிரிக்க, நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. கையில் வைத்த ரூபாயை என் மடியைப் பார்த்து எறிந்தார். "வெள்ளி, வெள்ளி, வெள்ளி," என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவி கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். உடம்பு தேற ஹருவான் என்கிற விரால் மீன் கொடுக்கச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். பாசாரில் வாங்கி முள் எடுத்து, கஞ்சியில் போட்டு அரைத்து, டப்பா டப்பாவாக ஐஸ்பெட்டியில் வைத்துவிடுவாள். அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அவள் பொறுமையாகத் தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசி ஒரு கட்டத்தில் ஜெயித்தது. சாப்பிடும்போது அப்பாவின் கண்களில் நீர் வழிந்தது. என் காசுகளால்தான் அவருக்குக் கோபம், அந்தக் கோபத்தில்தான் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று நான் நினைத்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண்ணிடம் கூட்டிப்போனோம். காசா, வெள்ளியா, பாத்திரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையாட்டச் சொன்னால் தெரிந்துவிடாதா என்று கேட்டேன்.

"ஆன்ட்டி, இப்ப அவருக்கு ஆமாவும் இல்லையும் மாறி மாறித்தான் வரும். தலையாட்டுறத நம்பாதீங்க," என்றாள். "ஆனா அந்த வேர்ட் சும்மா வர்றதில்ல. ஹி மீன்ஸ் சம்திங்."

என்னவோ அர்த்தம் இருக்கிறது என்று ஒரு படித்த பெண்ணே சொல்லிவிட்டாள். அது போதும், நான் இன்னும் வேகமாக ஓடினேன். வேலை முடிந்து வந்து தூங்காமல் காசுப் படங்களைப் புரட்டினேன். ஷிஃப்டில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது சில்லு வட்டமாகத் தெரிந்தது. ஒரு கீறலைத் தவறவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் நானாவின் கண்ணாடி அலமாரியில் பார்த்த டாலர் நினைவுக்கு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் இந்தப் பக்கத்து வியாபாரத்துக்காகவே பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்துக் கப்பலில் அனுப்பிய வெள்ளி டாலர். ஒரு பக்கம் சூலத்தோடு நிற்கும் பெண், காலடியில் கடல், தூரத்தில் ஒரு கப்பல். அந்தப் பக்கத்தில் ஒரு டாலர் என்று ஆங்கிலத்தில் இருக்கும். மறுபக்கம் அதையே சீனத்திலும், மலாயை அரபு எழுத்தில் எழுதுகிற ஜாவியிலும் எழுதியிருப்பார்கள். சீன வியாபாரி சீனத்தைப் படித்துக்கொள்வான், மலாய்க்காரர் ஜாவியைப் படித்துக்கொள்வார், துரை இங்கிலீஷைப் படித்துக்கொள்வான். தமிழில் மட்டும் இல்லை. படிக்க எழுத்து இல்லாத நம் ஆட்கள் அதைத் தொட்டுப் பார்த்து வெள்ளி என்றார்கள். இதுதான் அது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வெள்ளி என்ற பெயரே இந்தக் காசுக்குத்தான் வந்தது, அப்பா கேட்பது இதைத்தான். ஏன் கேட்க வேண்டும், அவர் பிறப்பதற்கு முன்பே புழக்கத்திலிருந்து போன காசு அல்லவா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. எனக்கு அந்தக் காசு ரொம்ப நாளாக வேண்டியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நானாவிடம் இருந்தது பழைய சீன வணிகர்கள் சோதித்துப் பார்த்து முத்திரை குத்திய காசு. முகமெல்லாம் குத்துப் பட்டது, அதனால் மலிவு.

இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். படுத்தேன், புரண்டேன், எழுந்தேன். குளித்துவிட்டுக் காடியை எடுத்தேன். டவுனில் பார்க்கிங் கிடைக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றி, ஓட்டமும் நடையுமாகப் போனபோது நானா கடையின் இரும்புக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை.

"நானா, ஒரு நிமிஷம். அந்த மூணு எழுத்து டாலர எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

"சாயங்காலமா வாம்மா. தொழுகைக்கு நேரமாச்சு."

"ஒரே நிமிஷம் நானா. அப்பாவுக்கு. மத்த நாள்ல எல்லாம் பக்கத்துக் கடையில சொல்லிட்டுத்தானே போவீங்க. இன்னைக்கு என்ன கடையவே சாத்துறீங்க?"

நானா பூட்டைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இருந்த கோலத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

"இன்னைக்கு வெள்ளிம்மா. வெள்ளிகூடத் தெரியாமலா நீ வெள்ளி சேக்குற?"

தன் வேடிக்கையைத் தானே ரசித்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தார். நான் மூடிய கதவுக்கு முன்னால் நின்றேன்.

உங்களுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் ஃப்ரைடே என்போம். ஃபேக்டரியில் மலாய்ப் பெண்கள் ஜுமாத் என்பார்கள். எனக்கோ வாரத்துக்கு ஆறே நாள், நாலு நாள் வேலையும் இரண்டு நாள் ஓய்வும், அதில் எதற்கும் பெயர் கிடையாது. அப்பா ஒருவர்தான் கிழமையைத் தமிழில் சொல்கிறவர். அவரும் ஒருநாளும் வெள்ளி என்று நிறுத்தியதில்லை. வெள்ளிக்கெழம என்று முழுசாகத்தான் சொல்வார். வாதம் அதன் வாலை வெட்டிவிட்டது. இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேனே தவிர, எனக்கு எந்தச் சமாதானமும் ஆகவில்லை.

அப்பா பக்திமான் அல்ல. கோயிலுக்குப் போனால் சாப்பாடு எப்போது போடுவார்கள் என்று பார்ப்பார். குடிப்பார், வாய்க்கு வந்தபடி திட்டுவார், தைப்பூசத்தில்கூடக் கூட்டம் என்று பாதி வழியில் திரும்பிவிடுவார். ஆனால் வெள்ளிக்கிழமை மீனும் கறியும் தொட மாட்டார். அம்மா இருந்தவரை அம்மாவுக்காக என்றார், அம்மா போன பிறகு யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை. எஸ்டேட்டிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு லோரி ஓட்டியவர். நாளும் கிழமையும் அவருக்கும் குழம்பும். சாப்பாட்டுக் கடையில் உட்காருமுன் யாரையாவது கேட்பார், இன்னைக்கு வெள்ளிக்கெழமயா என்று. இல்லை என்று சொன்ன பிறகுதான் நாற்காலியை இழுப்பார். சின்ன வயதில் கூடப் போனபோதெல்லாம் நானே பதில் சொல்லியிருக்கிறேன்.

சோறு வருமுன் கேட்கிற கேள்வி அது. அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் ஐம்பது வெள்ளி நோட்டும் சுவிஸ் காசும் கொடுத்தோம்.

காடியில் ஏறினேன். பெம்பானுக்குப் போகும் வழியில் எத்தனை சிவப்பு விளக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் நின்று ஸ்டீரிங்கைக் குத்தினேன். தம்பி மனைவிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள், ஊட்டுகிற நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எத்தனை வெள்ளி போயிருக்கும் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். முன்பெல்லாம் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமையை மூக்காலேயே தெரிந்துகொள்ளலாம். அன்றைக்குத்தான் தம்பி மனைவி வீடு கழுவிச் சாம்பிராணி போடுவாள். அப்பா விழுந்த பிறகு அவர் எழுந்திரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தினமும் போட ஆரம்பித்துவிட்டாள். டிவி சத்தம் அவருக்கு ஆகவில்லை என்று அதையும் அணைத்துவிட்டோம். அவருக்குக் கிழமை தெரிய ஒரு வழியும் விட்டுவைக்கவில்லை, எல்லாம் அக்கறையில் செய்ததுதான்.

செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். தம்பி மனைவி கட்டில் ஓரத்தில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா உதட்டை இறுக்கி மூடியிருந்தார். கரண்டி அவர் வாய்க்கு முன்னால் காத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கரண்டியைத் தாண்டி என் முகத்தைத் தேடினார்.

"வெள்ளி?"

"ஆமாப்பா," என்றேன். "இன்னைக்கு வெள்ளிதான். வெள்ளிக்கெழம."

அப்பா அசையவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்கிற மாதிரி என் வாயைப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். "வெள்ளிக்கெழமப்பா."

இடது கையைத் தூக்கினார். கிண்ணத்தைத் தள்ளவில்லை. தம்பி மனைவியின் மணிக்கட்டை மட்டும் பிடித்து, கரண்டியோடு கீழே இறக்கிவைத்தார். அவ்வளவு மென்மையாக அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

தம்பி மனைவிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நானும் வெள்ளிக்கெழம சைவந்தான்கா. நோயாளிக்குத்தானே, பரவால்லன்னு நெனச்சேன்." கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "காலையில பசியாறவும் மீன் கஞ்சிதான்கா குடுத்தேன்."

"நீ என்னடீ பண்ணுவ. நாங்கதான் காசுன்னோம்," என்றேன்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேல் இருந்தது, இன்னும் இருக்கிறது. கீறல் பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு மனிதர் தனக்கென்று வைத்திருந்த ஒரே ஒழுங்கைக் காப்பாற்றிக்கொள்ள மன்றாடியிருக்கிறார், நான் அவருக்கு யானைக்கும் பன்றிக்கும் வித்தியாசம் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் புதிதாகச் சோறு குழைய வடித்தாள். பருப்பு வேகவைத்து, ரசம் வைத்து, மூன்றையும் பிசைந்து வடிகட்டினாள். நான் ஊட்டினேன். அப்பா ஒரு வாய்கூட மறுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வரவுமில்லை. சாப்பிட்டு முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் அன்று மாலை வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் தம்பி வந்தான், விஷயத்தைக் கேட்டான். நேரே அடுப்படிக்குப் போய் நாள்காட்டியை ஆணியோடு பிடுங்கி வந்து கட்டிலுக்கு எதிரே அடித்தான். அப்பாவுக்கு இப்போது எழுத்தும் சரியாகப் பிடிபடுவதில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அடித்தான்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் மத்தியானம் தம்பி மனைவி கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். மீன் வாசனை கூடத்துக்கு வந்ததும் அப்பா உதட்டை மூடிக்கொண்டார். அவள் கரண்டியை எடுக்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"வெள்ளி?"

"இல்லப்பா," என்றேன். "இன்னைக்கு சனிக்கெழம."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.